அரக்கு நிறம் அரக்காகத் தெரிய வேண்டும்: காஞ்சித் தறிவீட்டுக்கு எல்இடி விளக்கு வாங்குவோருக்கு

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருப்பவர் விளக்கு மாற்ற எலக்ட்ரிகல் கடைக்குப் போனால், கடைக்காரர் முதலில் கேட்பது “எத்தனை வாட் வேணும்?” என்பதுதான். கைத்தறிக்காரர் கடைசியாகக் கவலைப்பட வேண்டிய கேள்வி அது. 2023 மார்ச் முதல் தமிழக அரசு கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரத்தை இலவசமாகத் தருகிறது. அதற்கு முன்பு அது 200 யூனிட்டாக இருந்தது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு தறிக்கு 20 வாட் எல்இடி ட்யூப் இரண்டு, நாளைக்குப் பத்து மணி நேரம் எரிகிறது என்றால் 0.4 யூனிட். அறுபது நாளும் விடாமல் எரித்தால் 24 யூனிட். வீட்டில் மூன்று தறி இருந்தாலும் 72 யூனிட்டைத் தாண்டாது.

ஆகவே எல்இடி விளம்பரங்கள் பேசும் மின்சாரச் சிக்கனம் காஞ்சிபுரத்துக் கைத்தறிக்காரரின் முதல் பிரச்சினை இல்லை. அவருடைய பிரச்சினை வேறு மூன்று: நூலின் நிறம் சரியாகத் தெரிகிறதா, தலையின் நிழல் துணியில் விழுகிறதா, சாயங்காலம் கண் எரிகிறதா. விளக்கை இந்த மூன்றையும் வைத்துத்தான் வாங்க வேண்டும். வாட்டையும் விலையையும் வைத்து வாங்கியதால்தான் நல்ல தறிகள் பலவற்றின் மேல் இன்றும் ஒற்றை பல்பு தொங்குகிறது.

நாமக்கல் முட்டைக் கோழிப் பண்ணைக்காரர்கள் இதில் நமக்கு முன்னோடிகள். முட்டையிடும் கோழிக்குப் பகலும் செயற்கை வெளிச்சமும் சேர்த்து நாளைக்கு 16 மணி நேர ஒளி வேண்டும் என்பது அவர்களுக்குப் பாலபாடம். ஒளி குறைந்தால் முட்டை குறையும். அதனால் கொட்டகைக்கு விளக்கு போடும்போது வரிசைக்கு எத்தனை, எவ்வளவு உயரம், எந்த நிறம் என்று தீவனத்துக்குச் சமமாகக் கணக்கிடுகிறார்கள். பட்டு நெசவில் நாடாவுக்கும் அச்சுக்கும் காட்டும் அக்கறையை நாம் விளக்குக்குக் காட்டுவதில்லை. அடுப்படிக்கு வாங்கும்போது கூட ஒன்று சேர்த்து வாங்கித் தறிக்கு மாட்டிவிடுகிறோம். 2015 ஜனவரி 5 அன்று தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டம் எல்இடி பல்பின் விலையை அடிமட்டத்துக்கு இறக்கியது பெரிய நன்மைதான். ஆனால் அந்த 9 வாட் பல்பு வீட்டுக்கூடத்துக்கு வந்த பல்பு. உடலோடு கரையைக் கோத்து நெய்யும் கோர்வைத் தறிக்கு வந்ததில்லை.

நிறத்தில் தொடங்குவோம்

மற்ற ஊர்த் தறிக்கு இதை இவ்வளவு அழுத்திச் சொல்லத் தேவையிருக்காது. காஞ்சிபுரத்துக்குத் தேவை. உடல் ஒரு நிறம், கரை எதிர் நிறம், முந்தி இன்னொன்று. மூன்றும் ஒன்றையொன்று தூக்கிக் காட்ட வேண்டும். அதுதான் இந்த ஊர்ச் சேலையின் அடையாளம். அரக்கு, குங்குமச் சிவப்பு, ராணிக் கலர், மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து என்று நிறத்தாலேயே சேலைக்குப் பெயர் சொல்லும் ஊர் இது. இவற்றில் முதல் மூன்றும் சிவப்புக் குடும்பம். மலிவான எல்இடி விளக்கு தடுமாறுவதும் சரியாக அந்தச் சிவப்பில்தான்.

காரணம் விளக்கின் உள்ளமைப்பில் இருக்கிறது. வெள்ளை எல்இடி என்று நாம் சொல்வதற்குள் இருப்பது நீல ஒளி உமிழும் சில்லு. அந்த நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காகத்தான் 2014-இல் அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலச் சில்லின் மேல் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சு ஒன்றைத் தடவுகிறார்கள். நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகப் படுகிறது. இந்தக் கலவையில் அடர்சிவப்புக் கதிர் மிகக் குறைவு. விளக்கில் இல்லாத சிவப்பை நூல் எங்கிருந்து திருப்பி அனுப்பும்? அரக்கு நூல் பழுப்படித்து மங்கிக் கிடக்கும். அடுத்தடுத்த சாயத் தொட்டியில் முக்கிய இரண்டு கண்டுகள் விளக்கடியில் ஒன்றுபோலத் தெரியும், வெயிலுக்கு வந்ததும் இரண்டாகப் பிரிந்து நிற்கும். பாதிச் சேலையில் ஊடைக் கண்டு மாறி, பட்டையாக நிறபேதம் விழுந்துவிட்டால் அதைப் பிரித்து நெய்ய முடியாது. கூலியில்தான் பிடிப்பார்கள்.

இதைத் தவிர்க்க இரண்டு எண்களைத் தேடுங்கள். முதலாவது சி.ஆர்.ஐ., அதாவது நிறம் காட்டும் குறியீடு. சூரிய ஒளிக்கு 100. சாதாரண எல்இடி ட்யூப்பில் 80 என்றோ 70 என்றோ இருக்கும். தறிக்கு 90-க்குக் குறையாமல் வாங்குங்கள். இரண்டாவது எண்ணின் பெயர் ஆர்9. சி.ஆர்.ஐ. என்பது வெளிறிய எட்டு நிறங்களை வைத்து எடுத்த சராசரி. அந்த எட்டில் அடர்சிவப்பு கிடையாது. சி.ஆர்.ஐ. 80 உள்ள விளக்குக்கு ஆர்9 பூஜ்யத்தை ஒட்டி இருப்பதும் உண்டு. சிவப்பைத் தனியாகச் சோதித்துச் சொல்வது ஆர்9 ஒன்றுதான். 50-க்கு மேல் இருந்தால் அரக்குக்குப் போதும், 80-க்கு மேல் கிடைத்தால் விடாதீர்கள். பெட்டியில் ஆர்9 அச்சிட்டிருக்க மாட்டார்கள். கடைக்காரரிடம் கம்பெனியின் விவரத்தாளைக் கேளுங்கள். தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

எண் எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் சோதிக்க வழி இருக்கிறது. ஓர் அட்டையில் மீந்த பட்டு நூல்களைச் சுற்றிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வெவ்வேறு சாயத்தின் அரக்கு, ஒரு ராணிக் கலர், ஒரு கத்தரிப்பூ, ஒரு மயில்கழுத்து. காலை பத்து மணி வாக்கில் வடக்கு ஜன்னலோரம் அட்டையைப் பாருங்கள். பிறகு கடையில் விளக்கை எரியவிட்டு அதன் கீழ் பாருங்கள். ஜன்னலில் வேறு வேறாகத் தெரிந்த அரக்குகள் விளக்கடியில் ஒன்றாகிவிட்டால் அந்த விளக்கு தறிக்கு ஆகாது. காசு செலவில்லாத இந்தச் சோதனையை எந்த விற்பனைப் பேச்சுக்காகவும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

சி.ஆர்.ஐ. 90 விளக்குக்கு விலை கூடும். அதே வாட்டில் வெளிச்சமும் கொஞ்சம் குறையும். குறைவதை ஈடுகட்ட ஒரு படி கூடுதலான வாட் எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இலவசம் என்ற கணக்கு இங்கேதான் கைகொடுக்கிறது. விலை உயர்வுக்கும் பயந்துவிட வேண்டாம். நிறபேதத்துக்காக ஒரு சேலைக்குப் பிடிக்கும் கூலி, நல்ல ட்யூப்புக்குக் கூடுதலாகக் கொடுக்கும் தொகையை விழுங்கிவிடும்.

விளக்கின் வெண்மை பற்றியும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். கடையில் ‘கூல் டேலைட்’ என்று தருவது 6500 கெல்வின், நீலம் தூக்கலான வெண்மை. ‘வார்ம்’ என்பது 2700 அல்லது 3000 கெல்வின், பழைய குண்டு பல்பின் மஞ்சள். தறிக்கு என் பரிந்துரை நடுவில் இருக்கும் 4000 கெல்வின். நாள் முழுக்கப் பார்த்தாலும் கண்ணுக்கு இதமாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை இரவில் பூச்சி மொய்ப்பதும் குறையும். நீலம் மிகுந்த ஒளிக்குத்தான் பூச்சி அதிகம் வரும், ஒரு பூச்சி நசுங்கினால் வெளிர்ப்பட்டில் கறை. 6500 கெல்வின் விளக்குக்கு வீட்டில் ஒரே ஒரு இடம் உண்டு. சாயக்காரரிடமிருந்து வந்த நூலைப் பிரித்து நிறம் ஒப்பிடும் மேசைதான் அது. பகலொளியை ஒத்த 6500 கெல்வின்தான் ஜவுளித் துறையில் நிறம் ஒப்பிடப் புழங்கும் அளவு. அங்கே சி.ஆர்.ஐ. 95 இருந்தால் உத்தமம்.

ஒரே தறியின் இடப்பக்கம் ஒரு வெண்மை, வலப்பக்கம் இன்னொரு வெண்மை என்று மட்டும் மாட்டிவிடாதீர்கள். இரண்டு கரையும் இரண்டு நிறமாகத் தெரிந்து, சரியான நூலையே தப்பென்று சந்தேகிக்க வைக்கும்.

எவ்வளவு வெளிச்சம்?

துணியின் மேல் விழும் ஒளியை லக்ஸ் என்ற அளவில் சொல்கிறோம். விளக்கிலிருந்து புறப்படுவது லூமன், துணிக்கு வந்து சேர்வது லக்ஸ். பெட்டியில் லூமன் மட்டும்தான் இருக்கும். வந்து சேர்வதைத் தீர்மானிப்பது உயரம். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி கால்பங்காகக் குறைந்துவிடும்.

காஞ்சிபுரத்தில் பெரும்பாலும் குழித்தறி. நெசவாளர் குழிக்குள் காலை விட்டுத் தரைமட்டத்தில் உட்கார்கிறார். துணி தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கிறது. பத்தடி உயரத்துக் கூரையில் 2000 லூமன் ட்யூப் ஒன்றை மாட்டினால் துணிக்கு வருவது ஏறத்தாழ 100 லக்ஸ். அதே ட்யூப்பைத் துணிக்கு ஒரு மீட்டர் மேலே இறக்கிக் கட்டினால் 500 லக்ஸை ஒட்டி வரும். கூடுதலாக ஒரு ரூபாய் மின்சாரம்கூடத் தேவையில்லை, சங்கிலி நான்கு முழம் போதும். 9 வாட் எல்இடி பல்பு கூரையில் தொங்கினால் அதன் நேரடி ஒளி துணியில் 20 லக்ஸ் சொச்சம்தான். சுவரிலிருந்து திரும்புவதைச் சேர்த்தாலும் நெசவுக்குக் காணாது.

எவ்வளவு இருக்க வேண்டும்? ஐரோப்பாவின் இ.என். 12464 தரநிலை நெசவுக்கு 500 லக்ஸ், நிறம் பார்த்துத் துணியைச் சோதிக்க 1000 லக்ஸ் என்று வகுத்திருக்கிறது; சோதனை இடத்துக்கு சி.ஆர்.ஐ. 90 என்றும் கேட்கிறது. காஞ்சித் தறிக்கு 500-ஐக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுறவுச் சங்கத்திலும் மாஸ்டர் வீவர் வீட்டிலும் நெய்த சேலையை விரித்துப் பழுது பார்க்கும் மேசைக்கு 1000 லக்ஸ் கொடுக்க வேண்டும். நெசவாளரின் கூலி அந்த மேசையில்தான் முடிவாகிறது. தறியில் தெரியாத பழுது மேசையில் மட்டும் தெரிவது நியாயமில்லை, துணியில் இல்லாத பழுது மேசையின் மங்கலில் தெரிவதும் நியாயமில்லை. சங்க நிர்வாகிகள் இதை நெசவாளருக்குச் செய்யும் கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

வயதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக்காரருக்குச் சேர்வதில் மூன்றில் ஒரு பங்குதான். கண்ணின் வில்லை மஞ்சளடைகிறது, கண்மணி சுருங்குகிறது. தறியில் இன்று உட்கார்ந்திருப்பவர்களில் இளைஞர் எத்தனை பேர் என்று தெருவில் ஒரு நடை நடந்தாலே தெரியும். ஐம்பதைத் தாண்டியவர் தறிக்கு, திருப்பி வைக்கக்கூடிய சிறு விளக்கு ஒன்றைக் கூடுதலாகக் கொடுங்கள். ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கும் நாட்களில் அது எல்லோருக்குமே வேண்டும். நாற்பதுக்கு மேல் கிட்டத்தில் பார்ப்பதற்கான கண்ணாடியும் வேண்டும். விளக்கைப் பெருக்கிக் கண்ணாடியைத் தவிர்க்கலாம் என்று நினைப்பவர்கள் தலைவலியைத்தான் சம்பாதிப்பார்கள்.

லக்ஸ் மீட்டர் ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. தெருவுக்கு ஒன்று வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். செல்போன் செயலி துல்லியமில்லை, ஆனாலும் விளக்கை இறக்குவதற்கு முன்னும் பின்னும் எத்தனை மடங்கு கூடியது என்று பார்க்க உதவும்.

எங்கே மாட்டுவது

விளக்கைத் தேர்ந்தெடுத்தது பாதி வேலை. மாட்டும் இடம் தப்பினால் விலை உயர்ந்த ட்யூப்பும் வீண். குழித்தறியில் நெசவாளர் முன்னால் குனிந்தே நெய்கிறார். முதுகுக்குப் பின்னாலிருந்து விளக்கு எரிந்தால் அவர் தலையும் தோளும் போடும் நிழல், ஊடை விழும் இடத்தில் சரியாக உட்காரும். நேர் மேலே மாட்டலாம் என்றால் அங்கே ஜக்கார்டு பெட்டியும் அதிலிருந்து இறங்கும் நூற்றுக்கணக்கான கயிறுகளும் இருக்கின்றன. வெளிச்சம் கோடு கோடாக வெட்டுப்பட்டு வரும். எதிரில் மாட்டினால் நிழல் வராது, ஆனால் ஜரிகை கண்ணைக் கூசும். வெள்ளித் தகட்டைப் பட்டிழையில் சுற்றித் தங்கம் ஏற்றிய ஜரிகை கண்ணாடியைப் போல ஒளியைத் திருப்பி அடிக்கும்.

மிச்சமிருப்பது பக்கவாட்டு. பாவு ஓடும் திசைக்கு இணையாக, இடது கரைக்கு வெளியே ஒரு ட்யூப், வலது கரைக்கு வெளியே ஒரு ட்யூப். துணிக்கு நாலடி முதல் ஐந்தடி மேலே. நெசவாளரின் முழங்கைக்கு நேரே தொடங்கி அச்சைத் தாண்டிப் போகும்படி சற்று முன்தள்ளி. இரண்டையும் துணியை நோக்கிக் கொஞ்சம் சாய்த்து. இப்படி மாட்டினால் இடது விளக்கு உண்டாக்கும் நிழலை வலது விளக்கு அழிக்கும். ஜரிகையில் பட்ட ஒளி நெசவாளர் முகத்துக்கு வராமல் எதிர்ப்பக்கம் தெறித்துப் போகும். பக்கத்திலிருந்து சாய்ந்து விழும் ஒளிக்கு இன்னொரு குணமும் உண்டு. அறுந்த இழை, மேலே மிதக்கும் ஊடை, கோர்வைச் சேர்மானத்தில் விட்டுப்போன இடம் எல்லாம் சிறு நிழலோடு எழுந்து தெரியும்.

கூச்சம் இருக்கிறதா என்று பார்க்கச் சின்ன முகக்கண்ணாடி ஒன்று போதும். அதைத் துணியின் மேல் படுக்க வைத்து, நெய்யும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடிக்குள் விளக்கு தெரிந்தால் ஜரிகையிலும் தெரியும். தெரியாத இடம் வரும்வரை விளக்கை நகர்த்துங்கள். துணியின் நடு, இடது கரை, வலது கரை மூன்றிலும் பார்த்துவிட வேண்டும்.

கோர்வைத் தறியில் கரை நாடாவைப் போட இன்னொருவர் பக்கத்தில் உட்கார்வார். அந்தப் பக்கத்து ட்யூப்பை மட்டும் ஒரு சாண் உயர்த்தி மாட்டுங்கள், இல்லையென்றால் அவர் தலை நிழல் கரையில் விழும். விளக்கைத் தறிமரத்தில் ஆணி அடித்து மாட்டுவதும் கூடாது. ஒவ்வொரு அச்சு அடிக்கும் அது அதிர்ந்து, உள்ளே பற்றவைத்த இணைப்பு விட்டுப்போகும். கூரையிலிருந்து சங்கிலி, அல்லது சுவரிலிருந்து கம்பித் தாங்கி. பால்வெள்ளை மூடியுள்ள ட்யூப்பாக இருக்கட்டும். உள்ளே எல்இடிப் புள்ளிகள் வெளியே தெரியும் வகை வேண்டவே வேண்டாம்.

அச்சுக்குப் பின்னால், விழுதுகளுக்கு அருகே சிறு எல்இடி பட்டை ஒன்றைத் தனி ஸ்விட்சோடு வைத்தால் இழை அறும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம். கரும்பாவு என்றால் அடியில் வெள்ளைத் துணி, வெளிர்பாவு என்றால் கருந்துணி விரித்துப் பாருங்கள். இழை தானாகக் கண்ணில் படும்.

சுவருக்குப் பச்சை, நீலம், ரோஸ் பூச்சு வேண்டாம். சுவரின் நிறம் ஒளியில் கலந்து நூலின் மேல் வந்து உட்காரும். வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் நிறமும் கெடாது, நிழலும் மெலியும். பகல் வெளிச்சத்துக்கு, ஓட்டுக்கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டைத் துடைத்து வையுங்கள்; நம் பெரியவர்கள் கண்டுபிடித்த அருமையான விளக்கு அது. வெயில் நேராகப் பாவில் விழாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சாயம் வெளுக்கும்.

மினுக்கம்

நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மலிவான எல்இடியின் உள்ளே இருக்கும் டிரைவர் சர்க்யூட் அதைச் சரியாகச் சமன்செய்யாவிட்டால் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி மங்கி எரியும். கண்ணுக்கு நேரடியாகத் தெரியாது. ஆனால் நாள் முழுக்க அதன் கீழ் இருப்பவருக்குக் கண் களைப்பும் தலைவலியும் வர அது ஒரு காரணம். கடையிலேயே சோதிக்கலாம். எரியும் விளக்கின் முன் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டுங்கள். பென்சில் மங்கலாகக் கலைந்து தெரிந்தால் நல்லது. பல பென்சில்கள் விசிறிபோலத் தனித்தனியாகத் தெரிந்தால் அந்த விளக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செல்போனின் ஸ்லோ மோஷன் வீடியோவில் பட்டை பட்டையாக ஓடினாலும் அதே தீர்ப்புதான்.

பிஐஎஸ் பதிவு எண் இல்லாத விளக்கை வாங்கவே வேண்டாம். எல்இடி பல்புக்கு ஐ.எஸ். 16102 தரநிலையின்படி பதிவு கட்டாயம். ஆர் என்ற ஆங்கில எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் பெட்டியிலும் விளக்கிலும் இருக்கும்.

ஒயரிங்கில் சமரசம் இல்லை

தறிக்குழி ஈரமான இடம். மழைக்காலத்தில் குழியின் சுவரே வேர்க்கும். நெசவாளரின் வெறுங்கால் அந்த மண்ணில் இருக்கிறது, கை தறியில் இருக்கிறது, தலைக்கு மேல் ஜக்கார்டின் இரும்புச் சட்டம் இருக்கிறது. கசிந்த மின்சாரம் உடல் வழியாகப் பூமிக்கு இறங்க இதைவிடச் சுலபமான பாதை அமையாது. ஆகவே குழிக்குள் விளக்கோ, ஸ்விட்சோ, எக்ஸ்டென்ஷன் பெட்டியோ ஒருபோதும் வைக்கக் கூடாது. தறிவீட்டு விளக்கு லைனுக்குத் தனியாக 6 ஆம்ப் எம்சிபி, அதற்கு முன்னால் 30 மில்லி ஆம்பில் விழும் ஆர்சிசிபி. எம்சிபி ஒயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள், டக்கென்று விழ வேண்டும். ஜக்கார்டின் இரும்புச் சட்டத்தை எர்த் கம்பியோடு இணைப்பதும் கட்டாயம். ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, பிவிசி பைப்புக்குள்ளே போகட்டும். ஜக்கார்டுக் கயிற்றின் மேல் ஒயரைச் சுற்றிக் கொண்டுபோகும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள்.

இடி மின்னல் காலத்தில் எல்இடி டிரைவர் கூட்டமாகச் செத்துப்போகும். மழை வலுக்கும்போது மெயினை அணைப்பது நல்லது. புதிதாகப் போடுபவர்கள் மின்பாய்ச்சல் தடுப்பான் ஒன்றையும் போர்டில் சேர்த்துவிடலாம்.

உதவி எங்கே கிடைக்கும்

மத்திய ஜவுளி அமைச்சகத்தின் தேசியக் கைத்தறி வளர்ச்சித் திட்டத்தில் மேம்படுத்திய தறி, உபகரணங்கள், தறிக்கூடம் ஆகியவற்றோடு சூரிய சக்தி விளக்குகளுக்கும் நிதியுதவி உண்டு. இதைப் பற்றிக் காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையத்திலும் கைத்தறித் துறையின் உதவி இயக்குநர் அலுவலகத்திலும் கேளுங்கள். நெசவாளர் அடையாள அட்டையையும் சங்க உறுப்பினர் விவரத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். தனி ஆளாக விண்ணப்பிப்பதைவிடச் சங்கத்தின் வழியாகப் பத்து இருபது தறிக்குச் சேர்த்துக் கேட்பது வேகமாக நடக்கும். அப்போது விளக்கின் தரத்தையும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்: சி.ஆர்.ஐ. 90, 4000 கெல்வின், பால்வெள்ளை மூடி, மினுக்கமில்லாத டிரைவர். அப்படி எழுதாவிட்டால் விலை குறைந்ததுதான் வந்து இறங்கும்.

எலக்ட்ரீஷியன் தம்பிகளுக்கு

ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் அல்லது வயர்மேன் படித்துவிட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் ஒப்பந்த வேலைக்கு வண்டி ஏறும் காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்கு, உள்ளூரிலேயே ஒரு தனித்திறன் தொழில் இருக்கிறது. வீட்டு ஒயரிங் தெரிந்தவர்கள் ஊர் நிறைய இருக்கிறார்கள். தறியின் வெளிச்சம் தெரிந்தவர் அரிது. அந்த இடத்துக்கு வர உங்களுக்குத் தேவையான கருவிகள் ஒரு தோள்பைக்குள் அடங்கும்: லக்ஸ் மீட்டர், முகக்கண்ணாடி, நூல் அட்டை, டேப், எர்த் சோதிக்கும் மீட்டர். இதோடு மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிச் சான்றிதழும் இருந்தால் சங்கங்களின் வேலையைக் கேட்டு வாங்க முடியும். வீட்டுப் பிள்ளை தறியில் உட்கார விரும்பவில்லை என்று வருந்தும் குடும்பங்களுக்கும் சொல்கிறேன்: பாவும் ஊடையும் தெரிந்து வளர்ந்த பிள்ளை எலக்ட்ரீஷியன் ஆனால், வெளியூர்க்காரருக்கு வருஷக்கணக்கில் கற்றுத்தர வேண்டியது அவனுக்கோ அவளுக்கோ ஏற்கெனவே கையில் இருக்கிறது.

வேலையை எப்படிச் செய்வது? முதல் நாள் எதையும் மாட்டாதீர்கள். அரைமணி நேரம் நெசவாளர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தலை எங்கே குனிகிறது, எந்தக் கை எங்கே நீள்கிறது, எப்போது துணியைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்புகிறார் என்று கவனியுங்கள். அப்படித் திருப்பும் ஒவ்வொரு முறையும் இருக்கும் விளக்கு போதவில்லை என்று பொருள். துணியின் நடுவிலும் இரு கரையிலும் லக்ஸ் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த நாள் விளக்கைக் கயிற்றில் தற்காலிகமாகத் தொங்கவிட்டு, நெசவாளரை நெய்யச் சொல்லி, அவர் சொல்லும் இடத்துக்கு நகர்த்துங்கள். அவர் “இது போதும்பா” என்ற பிறகுதான் சுவரில் துளை. ஒரு வாரம் கழித்துக் கட்டாயம் ஒருமுறை போய், சாயங்காலம் கண் எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். இந்தக் கடைசி வருகைக்குக் கூலி கேட்க வேண்டாம், பக்கத்துத் தறிக்காரர் உங்களை அழைப்பது அதனால்தான் நடக்கும்.

கூலியை விளக்குக் கணக்கில் பேசாமல் தறிக் கணக்கில் பேசுங்கள். ஒரு தறிக்கு விளக்கு, ஒயரிங், ஆர்சிசிபி, எர்த் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. பாதுகாப்பைத் தனி வரியில் எழுதினால் வாடிக்கையாளர் முதலில் அதைத்தான் வெட்டுவார். தறியோடு வேலை நிற்காது. சாயப்பட்டறைக்கு நிறம் ஒப்பிடும் விளக்கு வேண்டும். சங்கத்துக்குச் சோதனை மேசை. காந்தி ரோட்டுப் பட்டுக் கடைகளுக்கு, மணப்பெண் கையில் எடுத்த அரக்குச் சேலை மண்டபத்திலும் அதே அரக்காகத் தெரிய வேண்டும். கீழ்க்கதிர்ப்பூர் பட்டுப் பூங்காவைப் போல ஒரே கூரையடியில் பல தறிகள் வரும் இடங்களில் முழுக் கூடத்துக்கும் திட்டமிடத் தெரிந்தவர் தேவைப்படுவார்.

போட்ட பிறகு பராமரிப்பு எளிது. பட்டுப் பஞ்சும் தூசும் மூடியில் படிந்தால் ஒளி மெல்லக் குறையும், யாருக்கும் தெரியாது. மாதம் ஒருமுறை மெயினை அணைத்துவிட்டு உலர்ந்த துணியால் துடையுங்கள். மாட்டிய தேதியையும் அன்று அளந்த லக்ஸையும் ட்யூப்பின் ஓரத்தில் மார்க்கரால் எழுதி வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை அளந்து, எழுதியதில் முக்கால் பங்குக்குக் கீழே இறங்கியிருந்தால் எரிந்துகொண்டே இருந்தாலும் மாற்ற வேண்டும். மாற்றும்போது ஒரு தறியின் இரண்டு ட்யூப்பையும் ஒரே கம்பெனியில், ஒரே பெட்டியிலிருந்து வாங்கிச் சேர்த்தே மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் இரண்டு கரைக்கும் இரண்டு வெண்மை வந்துவிடும். கழற்றிய ட்யூப்பைத் திண்ணைக்கோ அடுப்படிக்கோ மாட்டிக்கொள்ளலாம். அங்கே அது இன்னும் பல வருஷம் எரியும்.